ஆந்தை தலையில் புறா உட்கார்ந்தால்

தில்லி மயூர் விஹாரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மூன்றாவது மாடி. பால்கனியில் ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் எப்போதும் புறாக் கூடு. பிளாஸ்டிக் ஆந்தை ஒன்று வாங்கி வைத்தேன், நாலு நாள் ஒரு புறா எட்டிப் பார்க்கவில்லை. இப்போது ஆந்தையின் தலையிலேயே உட்கார்ந்து எச்சம் போடுகின்றன. அல்ட்ராசோனிக் மெஷின் வாங்கினால் போகுமா?"

போகாது, வாங்காதீர்கள். அல்ட்ராசோனிக் என்றாலே நம் காதுக்கு எட்டாத, 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி. புறாவுக்கோ 10,000-ஐத் தாண்டினாலே அநேகமாக ஒன்றும் கேட்காது. (நமக்குக் கேட்காத மிகத் தாழ்ந்த ஒலிகள் அதற்குக் கேட்கும், அது வேறு விஷயம்.) அந்த மெஷின் கத்துவது உங்களுக்கும் கேட்காது, புறாவுக்கும் கேட்காது, காசு மட்டும் போகும்.

சரி, ஆந்தைக்கு வருவோம். அந்த நாலு நாள் பயம் பெரும்பாலும் ஆந்தையைப் பார்த்து வந்ததில்லை, நேற்று இல்லாத ஒன்று இன்று இருக்கிறதே என்ற பயம். அங்கே ஒரு சிவப்பு வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தாலும் ரெண்டு நாளாவது தள்ளி நின்றிருக்கும். அப்புறம் எதிர்க் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்திருக்கும்: தலை திரும்புகிறதா, இடம் மாறுகிறதா, யார் மேலாவது பாய்ந்ததா? ஒன்றுமில்லை. காக்கை கூட அதைப் பார்த்துக் கத்தவில்லை, நிஜ ஆந்தை பகலில் வெளியே வந்தால் காக்கைகள் சும்மா விடுமா?

புறா கோழையுமில்லை, முட்டாளுமில்லை, கணக்குப் பார்க்கிற பிராணி. ஒவ்வொரு முறை பயந்து பறப்பதற்கும் செலவு உண்டு, விட்டுப்போன தீனி, குளிர்ந்துபோகும் முட்டை. அதனால் எந்த அடையாளம் உண்மையான ஆபத்தோடு சேர்ந்து வருகிறது, எது சும்மா வருகிறது என்று பிரித்து வைத்துக்கொள்கிறது. தில்லி வானத்தில் நாள் முழுக்கப் பருந்து வட்டமடிக்கிறது, கீழே புறாக்கள் பாட்டுக்கு மேய்கின்றன. அதே இடத்தில் ஒரு வல்லூறு தாழ்வாகச் சீறி வரட்டும், படபடவென்று மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். எல்லாப் புறாவும் வல்லூறைப் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை. சாதாரணமாகப் பறக்கப்போகும் புறா கொஞ்சம் குனிந்து நிமிர்ந்து ஆயத்தம் செய்யும், அந்த ஆயத்தமே இல்லாமல் ஒன்று சட்டென்று எழும்பினால் பக்கத்தில் இருப்பவற்றுக்கு அதுவே எச்சரிக்கை. மனிதர்களையும் தரம் பிரிக்கும்: பாரிஸில் செய்த ஒரு சோதனையில், தங்களை விரட்டிய ஆளும் விரட்டாத ஆளும் அங்கியை மாற்றிக்கொண்டு வந்தபோதும் புறாக்கள் ஏமாறவில்லை.

நம் ஊரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் ஜி20 மாநாட்டுக்காக, குரங்குகளை விரட்ட லங்கூர் என்ற கருமுக மந்தியின் கட்அவுட் வைத்தார்களே, கூடவே லங்கூர் மாதிரிக் குரல் கொடுக்க ஆட்களையும் நிறுத்தினார்கள். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. கட்அவுட் மட்டும் என்றால் அதன் கதியும் உங்கள் ஆந்தையின் கதிதான்.

அப்படியானால் போலி அடையாளம் வேலையே செய்யாதா? செய்யும், பழக விடாமல் இருந்தால். கனடாவில் சிட்டுக்குருவி மாதிரியான ஒரு பறவையின் கூடுகளை வலையும் மின்வேலியும் போட்டுப் பாதுகாத்துவிட்டு, எதிரிகளின் குரலை மட்டும் ஒலிபெருக்கியில் விட்டு விட்டு ஒலிபரப்பினார்கள். ஒரு எதிரியும் கூட்டை நெருங்கவில்லை, ஆனாலும் அந்தப் பருவத்தில் குஞ்சுகள் 40 சதவீதம் குறைந்தன. 2011-இல் வெளியான ஆய்வு அது. ஆக, ஆந்தையை வைத்தே தீருவேன் என்றால் தினம் இடம் மாற்றுங்கள், ரெண்டு நாள் உள்ளே எடுத்து வையுங்கள், காற்றில் ஆடுகிற மாதிரித் தொங்கவிடுங்கள். என் அபிப்பிராயம் கேட்டால், வேலைக்குப் போகிற எவருக்கும் இது கட்டுப்படியாகாது. நானும் பழைய சிடிக்களைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு மாதம் மினுக்கிப் பார்த்தவன்தான்.

பயத்தைக் கூட்டுவதைவிட லாபத்தைக் குறைப்பது சுலபம். புறாவுக்கு உங்கள் பால்கனியில் கிடைக்கும் லாபம் அந்த ஏசிக்குப் பின்னால் இருக்கும் ஒரு சாண் இடுக்குதான், அதை அடைத்துவிடுங்கள். இங்கே 'கபூதர் ஜாலி' என்று கேட்டால் நைலான் வலை அடித்துத் தர ஆள் வருவார். பக்கத்து மாடியில் யாராவது தினம் கம்பும் சோளமும் இறைக்கிறார்களா என்றும் பாருங்கள், அது இருக்கும்வரை கூட்டம் குறையாது. காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு வழித்தெடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். வலை அடிப்பதற்கு முன் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கிறதா என்று பாருங்கள். முட்டை பொரிய 18 நாள் போல ஆகும், குஞ்சு பறக்க அதற்கு மேல் ஒரு மாதம். முந்தின குஞ்சு கிளம்புவதற்குள்ளேயே அடுத்த முட்டையை இட்டுவிடும் ஜோடிகள் உண்டு, அதனால் கடைசிக் குஞ்சு இறக்கையடிக்கத் தொடங்கியதுமே வலைக்காரருக்குப் போன் போட்டு நாளைக் குறித்து வையுங்கள்.