இன்றைய லண்டனில் ஹோம்ஸ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

செல்வி: பிபிசியின் ‘ஷெர்லாக்’ தொடரைப் பார்க்கும் முன் கோனன் டாயில் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் படித்தாக வேண்டுமா அக்கா?

எல்லாம் வேண்டாம். ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ முதல் அத்தியாயத்தையாவது படித்துவிடுங்கள். ஹோம்ஸின் நண்பர் வாட்சன் நீட்டும் கடிகாரத்தில் சாவித் துளையைச் சுற்றிக் கீறல்கள். வைத்திருந்தவர் குடிகாரர், கை நடுங்கியிருக்கிறது என்பார் ஹோம்ஸ். 2010இல் வந்த தொடரில் அதே கீறல்கள் வாட்சனின் செல்போனில், சார்ஜர் செருகும் இடத்தில். கதையில் குடிகாரர் வாட்சனின் அண்ணன். தொடரிலும் சகோதரன் என்றே ஷெர்லாக் அடித்துச் சொல்கிறார், கடைசியில் பார்த்தால் சகோதரி! படித்துவிட்டு வந்தவர்களுக்கு இது தனி விருந்து.

குமார்: ஹோம்ஸை நிகழ்காலத்துக்கு முதலில் கொண்டுவந்தது பிபிசிதானே?

இல்லவே இல்லை. 1920களில் எயில் நார்வுட் ஹோம்ஸாக நடித்த மௌனப் படங்களிலேயே காரும் டெலிபோனும் வந்துவிட்டன. கோனன் டாயிலே தன் சுயசரிதையில் அதற்குக் குறைபட்டுக்கொண்டார். 1942 முதல் 1946 வரை யுனிவர்சல் ஸ்டுடியோ எடுத்த, பேசில் ராத்போன் ஹோம்ஸாக நடித்த படங்கள் பன்னிரண்டும் எடுக்கப்பட்ட அதே காலத்தில் நடப்பவை. ஆரம்பப் படங்களில் ஹோம்ஸ் நாஜிகளைத் துரத்துவார்.

ரவி: ‘ஷெர்லாக்’ ஐந்தாவது சீசன் எப்போது?

நான்காவது 2017 ஜனவரியில் முடிந்தது. அதோடு சரி.

நிஷா: அமெரிக்கத் தொடரான ‘எலிமென்டரி’யில் வாட்சனைப் பெண்ணாக்கியது தேவையா?

கதையின் ஹோம்ஸ் கோகெய்ன் எடுப்பவர். இங்கே போதையிலிருந்து மீண்டுகொண்டிருக்கிறார். துணைக்கு அவர் அப்பா அமர்த்திய முன்னாள் சர்ஜன்தான் ஜோன் வாட்சன். காரணம் கச்சிதமாக இருக்கிறது, எனக்குக் குறையில்லை. முதல் சீசன் முடியும்வரை விக்கிப்பீடியா பக்கம் தலைவைக்காதீர்கள், திருப்பம் தெரிந்துவிடும். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது.

தீபா: ஐரீன் அட்லரைப் பிபிசி கெடுத்துவிட்டதா?

கெடுத்துவிட்டது. 1891இல் வந்த ‘எ ஸ்காண்டல் இன் பொஹீமியா’ கதையில், அவளிடமிருக்கும் ஒரு புகைப்படத்தைக் கைப்பற்ற ஹோம்ஸ் பாதிரியார் வேடத்தில் அவள் வீட்டுக்குள் நுழைகிறார். அவள் ஆண் வேடத்தில் பேக்கர் தெரு வாசல்வரை பின்தொடர்ந்து, பெயர் சொல்லி ‘குட் நைட்’ சொல்லிவிட்டுப் போகிறாள். மறுநாள் பார்த்தால் வீடு காலி. ஜெயித்தது அவள்தான். 2012 தொடரில் அவளுடைய செல்போன் பூட்டை ஷெர்லாக் திறந்துவிடுகிறார், பிறகு கராச்சிக்கே போய் அவள் உயிரையும் காப்பாற்றுகிறார்.

குமார்: அநியாயம் அக்கா! தொடரில் விமானச் சதியின் ரகசியக் குறியீட்டை ஷெர்லாக் வாயாலேயே உடைக்க வைத்தது அவள்தானே?

சரி, அதுவரை அவள் கைதான் ஓங்கியிருந்தது. ஆனால் அவரை எப்படி ஆட்டிவைப்பது என்று சொல்லிக்கொடுத்தது அவருடைய பரம எதிரி மோரியார்ட்டி என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். கதையில் அவளுக்கு வாத்தியார் யாரும் கிடையாது.

தீபா: அதைத்தான் நானும் சொன்னேன்!

குமார்: காதல் இல்லாவிட்டால் டிவியில் யார் பார்ப்பார்கள்?

அந்தக் கதையின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு வாருங்கள் குமார். அவர் மனதில் காதல் இல்லை என்று வாட்சன் அங்கேயே எழுதிவைத்திருக்கிறார்.

பிரபு: யார் சிறந்த ஹோம்ஸ், ‘ஷெர்லாக்’கின் கும்பர்பேட்சா, ‘எலிமென்டரி’யின் ஜானி லீ மில்லரா?

2011இல் லண்டன் நேஷனல் தியேட்டரின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாடகத்தில் இருவரும் இரண்டு முக்கிய வேடங்களையும் மாற்றி மாற்றி நடித்தார்கள். ஆலிவியர் விருதையே இருவருக்கும் பிரித்துத்தான் கொடுத்தார்கள். நான் எதற்கு வம்பில் மாட்ட?

கலா: ஐந்தாவது சீசன்...

ரவிக்குச் சொன்னதைப் பாருங்கள்.