எழுவாயைத் தேடுங்கள்: அரசியல் மொழி குறித்து வாசகர் கேள்வி – பதில்

மேடைப் பேச்சு, அரசு அறிக்கை, தேர்தல் வாக்குறுதி ஆகியவற்றின் மொழியைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கே: 'நடவடிக்கை எடுக்கப்படும்', 'தவறு நடந்துவிட்டது' என்றே அமைச்சர்களின் அறிக்கைகள் வருகின்றன. இது வெறும் அலுவலக நடையா, வேண்டுமென்றே செய்வதா?

ப: இரண்டும்தான். அலுவலக நடையாகப் பழகிப்போனதால், வேண்டுமென்றே செய்யும்போதும் யாருக்கும் உறுத்துவதில்லை. பேச்சுத் தமிழில் 'படு' சேர்த்த செயப்பாட்டுவினை மிக அரிது. 'கதவு என்னால் திறக்கப்பட்டது' என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை. அறிக்கைகளில் மட்டும் அது மண்டிக்கிடக்கிறது என்றால், செய்தவரை வாக்கியத்திலிருந்து வெளியே அனுப்பும் வேலையை அது அங்கே பார்க்கிறது.

ஆனால் 'படு'வை மட்டும் குற்றவாளியாக்கினால் பாதிதான் பிடிபடும். தமிழில் இதைவிட நுட்பமான வழி ஒன்று இருக்கிறது: தன்வினை. 'கட்டணம் உயர்ந்தது' என்றால் அது தானாக உயர்ந்ததுபோல் இருக்கிறது. 'கட்டணத்தை உயர்த்தினோம்' என்றால் உயர்த்தியவர் வந்துவிடுகிறார். 'கூட்டம் கலைந்தது' – 'கூட்டத்தைக் கலைத்தார்கள்', 'மானியம் குறைந்தது' – 'மானியத்தைக் குறைத்தார்கள்', 'வீடுகள் இடிந்தன' – 'வீடுகளை இடித்தார்கள்' என்று இணை இணையாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு 'ந்' இருந்த இடத்தில் 'த்' வருகிறது. அவ்வளவில் பொறுப்பு கைமாறிவிடுகிறது. மூன்றாவது வழி, வினையைப் பெயராக்குவது. 'கட்டணச் சீரமைப்பு', 'பணியாளர் மறுசீரமைப்பு' என்று எழுதிவிட்டால் செய்தவர் யார், செய்தது எப்போது என்ற இரண்டு கேள்விகளும் ஒரே வெட்டில் போய்விடும்.

அறிக்கை கையில் கிடைத்ததும் வினைகளை மட்டும் கோடிட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் 'யார்?' என்று எழுதுங்கள். அந்த அறிக்கையிலிருந்தே பதில் சொல்ல முடியாதவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். எல்லாச் செயப்பாட்டுவினையும் குற்றமல்ல. 'விண்ணப்பங்கள் 30ஆம் தேதி வரை பெறப்படும்' என்பதில் பெறுபவர் யார் என்று தெரியாமல் யாரும் ஏமாறப்போவதில்லை. செய்தவர் மறைவதால் படிப்பவருக்கு நஷ்டம் உண்டா என்பதே அளவுகோல்.

இதற்கு நல்ல சான்று அமெரிக்க அதிபராக இருந்த ரீகன். ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்தபோது, 1987 ஜனவரி உரையில் 'கடுமையான தவறுகள் நேர்ந்துவிட்டன' என்ற பாணியில் பேசினார். கண்டனம் ஓயவில்லை. மார்ச் 4 அன்று மறுபடி பேசும்போது, தன் செயல்களுக்கும் தன் நிர்வாகத்தின் செயல்களுக்கும் முழுப்பொறுப்பைத் தானே ஏற்பதாகச் சொன்னார். ஜனவரியில் தவறுகளைச் சொன்ன அந்த வாக்கியத்தில் இல்லாத 'நான்' என்ற சொல், மார்ச்சில் பொறுப்பேற்ற வாக்கியத்தில் இருந்தது.

கே: 'யார் மனதாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்' என்பதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளலாமா?

ப: கூடாது. 'இருந்தால்' என்ற நிபந்தனை, தவறு நடந்ததா என்பதையே சந்தேகத்தில் வைக்கிறது. 'புண்பட்டது' என்னும்போது குற்றம் பேசியவரின் வாயிலிருந்து கேட்டவரின் மனதுக்கு இடம் மாறிவிடுகிறது. வருத்தமோ மழை பெய்து ஆட்டம் நின்றுபோனாலும் வரக்கூடியது.

பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்தெடுத்த வரலாறு ஆஸ்திரேலியாவுக்கு உண்டு. அதன் நாடாளுமன்றம் செய்த இரண்டு காரியங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 1999இல் பிரதமர் ஜான் ஹோவர்டு கொண்டுவந்த தீர்மானம், கடந்த தலைமுறைகளின் நடைமுறைகளால் பழங்குடியினர் அநீதிக்கு ஆளானதற்கு 'ஆழ்ந்த, உளமார்ந்த வருத்தம்' தெரிவித்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட், அடுத்தடுத்து வந்த நாடாளுமன்றங்களும் அரசுகளும் வகுத்த சட்டங்களும் கொள்கைகளும் இழைத்த துயரத்துக்கு 'மன்னிப்புக் கேட்கிறோம்' என்றார். முதலாவதில் செய்தவர் 'கடந்த தலைமுறை' என்ற புகைமூட்டம். இரண்டாவதில், எந்த அவையில் நின்று பேசுகிறாரோ அந்த அவையே செய்தவர். மன்னிப்பில் பார்க்கவேண்டியவை இவைதான்: செய்த செயல் பெயர் சொல்லப்பட்டிருக்கிறதா, செய்தவர் எழுவாயாக நிற்கிறாரா, பாதிக்கப்பட்டவர் குறிப்பிடப்பட்டிருக்கிறாரா, நிபந்தனைச் சொல் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா. இழப்புக்கு ஈடு என்ன என்பது அதற்கு அடுத்த கேள்வி. அதையும் விடாமல் கேட்க வேண்டும்.

கே: தேர்தல் அறிக்கையில் எது வாக்குறுதி, எது வெறும் சொல் என்று பிரிப்பது எப்படி?

ப: வாக்கியத்தின் கடைசிச் சொல்லிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். தமிழில் வினை கடைசியில் வருவது இந்த வேலைக்கு மிகவும் வசதி.

'வழங்குவோம்', 'ரத்து செய்வோம்', 'கட்டுவோம்' என்று முடிந்தால் அது வாக்குறுதி. ஐந்தாண்டு கழித்து நடந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். 'முயற்சி மேற்கொள்வோம்' என்றால் ஒரு கடிதம் எழுதினாலே நிறைவேறியதாகக் கணக்குக் காட்டலாம். 'வலியுறுத்துவோம்' என்பது வேறொருவர் செய்யவேண்டிய காரியத்தைத் தன் பட்டியலில் சேர்ப்பது. 'வழிவகை காண்போம்', 'ஊக்குவிப்போம்', 'உரிய கவனம் செலுத்துவோம்' ஆகியவை எந்த நாளிலும் பொய்யாக முடியாதவை. பொய்யாக முடியாத வாக்குறுதிக்கு மதிப்பில்லை.

வினை தேறிவிட்டால் நான்கு கட்டங்கள் போடுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்தப் பணத்தில். ஏமாற்று பெரும்பாலும் 'யாருக்கு' என்ற கட்டத்தில்தான் நடக்கிறது. மேடையில் 'அனைவருக்கும்' என்பது அச்சில் 'தகுதியுள்ள அனைவருக்கும்' என்று வரும். அந்தத் 'தகுதி' ஆட்சிக்கு வந்தபின் வெளியாகும் அரசாணையில்தான் விரியும். 'படிப்படியாக' என்ற சொல் தேதிக் கட்டத்தைக் காலி செய்துவிடும். 'நிதிநிலைக்கு ஏற்ப' என்பது பணக் கட்டத்தை.

நாடாளுமன்றத்தில் அமைச்சர் சொல்வதற்கு வேறு கிடுக்கிப்பிடி உண்டு. இந்திய மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிகள் குழு இயங்குகிறது. எந்தெந்தத் தொடர்களை உறுதிமொழியாகக் கொள்ளவேண்டும் என்று ஒரு பட்டியலே அதனிடம் இருக்கிறது. நாம் தட்டிக்கழிக்கும் பதில் என்று நினைக்கும் 'இவ்விஷயம் பரிசீலனையில் உள்ளது', 'இதைக் கவனிக்கிறேன்' ஆகிய இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. அப்படிச் சொன்ன அமைச்சகம் பொதுவாக மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும் அல்லது கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். பத்திரிகையாளர்கள் இந்தக் குழுவின் அறிக்கைகளை இன்னும் அதிகமாகப் படிக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

கே: நல்ல பேச்சாளர்கள் 'நாம்', 'நாங்கள்' இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்களே, அதில் ஏதாவது இருக்கிறதா?

ப: நிறையவே இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்', விலக்கினால் 'நாங்கள்' என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. அதனால் அந்த மொழிப் பேச்சாளர் மழுப்பிவிட்டுப் போகலாம். தமிழ்ப் பேச்சாளர் ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஒரு முழு உரையை எடுத்து, இரண்டு சொற்களுக்கும் இரண்டு பத்தி போட்டு, ஒவ்வொன்றோடும் வரும் வினைகளை எழுதிப் பாருங்கள். 'நாங்கள்' பத்தியில் 'கொண்டுவந்தோம், தந்தோம், மீட்டோம்' என்று சேர்ந்து, 'நாம்' பத்தியில் 'பொறுத்துக்கொள்ள வேண்டும், தியாகம் செய்ய வேண்டும்' என்று சேர்ந்தால், பெருமை மேடைக்கும் பாரம் கூட்டத்துக்கும் பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது.

'அவர்கள்', 'சில சக்திகள்', 'விஷமிகள்' ஆகியவற்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். பெயர் சொல்லாமல் குற்றம் சாட்டினால் மறுக்க ஆளில்லை. வழக்குப் போடவும் ஆளில்லை. அந்தக் காலி இடத்தில் கூட்டத்தில் இருப்பவர் தனக்குப் பிடிக்காத சாதியையோ மதத்தையோ வைத்து நிரப்பிக்கொள்வார். பேசியவர் மறுநாள் 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்பார். அரசியல் மொழியில் இதைவிட ஆபத்தான காலி இடம் இல்லை. அடி விழுவது பெரும்பாலும் மேடையிலிருந்து வெகுதூரத்தில் இருப்பவர் மேல்.

கே: 'வரலாறு காணாத ஒதுக்கீடு', 'இத்தனை சதவீத வளர்ச்சி' என்ற எண்களை நம்பலாமா?

ப: எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எதோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் கோளாறு.

100 கோடியாக இருந்த ஒதுக்கீடு 105 கோடியானால் அது 'வரலாறு காணாத' தொகைதான். ஆனால் அந்த ஆண்டு விலைவாசி 6 சதவீதம் ஏறியிருந்தால், 105 கோடிக்குப் பழைய மதிப்பில் 99 கோடிக்கான வேலைதான் நடக்கும். விலைவாசி ஏறும் நாட்டில், ஒதுக்கீட்டைப் பெயருக்குக் கூட்டினாலும் அது 'வரலாறு காணாதது' ஆகிவிடும். எனவே மொத்தச் செலவில் அந்தத் துறையின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மையான கணக்கு என்று மூன்று எண்கள் உண்டு. மேடைக்கு வருவது முதலாவது மட்டும். 'ஒதுக்கினோம்', 'விடுவித்தோம்', 'செலவிட்டோம்' என்ற மூன்று வினைகளும் வெவ்வேறானவை.

100இலிருந்து 50க்கு விழுந்தது 75க்கு ஏறினால் 'ஒரே ஆண்டில் 50 சதவீத வளர்ச்சி' என்று முழங்கலாம். பழைய நிலைக்கு இன்னும் 25 பாக்கி. வரி 4 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானால் உயர்த்தியவர் 'ஒரு சதவீதம்தான்' என்பார், எதிர்ப்பவர் '25 சதவீத உயர்வு' என்பார். முன்னதை ஒரு சதவீதப் புள்ளி என்று சொல்வதே சரி. பின்னது கணக்குப்படி சரி. 'பணவீக்கம் குறைந்தது' என்றால் விலை குறைந்தது என்று பொருளல்ல. விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள்.

கழிவைச் சொல்லாமல் விடுவது இன்னொரு வகை. 2016இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதற்கான பிரசாரத்தில், ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு போகிறது என்று பேருந்தில் எழுதி ஓட்டினார்கள். பிரிட்டனுக்கு அப்போது இருந்த தள்ளுபடியைக் கழிக்காத தொகை அது; கழித்தால் ஏறத்தாழ 25 கோடி. நாட்டின் புள்ளிவிவர ஆணையம் கண்டித்த பிறகும் அந்த எண் ஓடிக்கொண்டே இருந்தது.

கருத்துக்கணிப்பு என்றால் விடைக்கு முன்னால் வினாவைப் படியுங்கள். 1941இல் டொனால்டு ரக் என்பவர் அமெரிக்காவில் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகக் கேட்கவைத்தார். ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சுகளை 'அனுமதிக்க வேண்டுமா' என்றபோது 62 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். 'தடை செய்ய வேண்டுமா' என்றபோது ஆம் என்றவர்கள் 46 சதவீதம்தான்.

கே: போரைப் போர் என்று சொல்லாமல் வேறு பெயர் வைப்பது ஏன்? வெறும் நாசூக்கா?

ப: பெயருக்குப் பின்னால் சட்டமும் அதிகாரமும் இருக்கின்றன. அமெரிக்க அரசமைப்புப்படி போரை அறிவிக்கவேண்டியது காங்கிரஸ். 1950 ஜூனில் கொரியாவுக்குப் படை அனுப்பியபோது அன்றைய அதிபர் ட்ரூமன் 'நாம் போரில் இல்லை' என்றார். ஐ.நா.வின் கீழ் ஒரு காவல் நடவடிக்கை என்று சொல்லலாமா என்று ஒரு நிருபர் கேட்க, ஆம் என்று அதைப் பிடித்துக்கொண்டார். காங்கிரஸ் போரை அறிவிக்கவே இல்லை. 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரும், அவர்களைவிடப் பன்மடங்கு கொரியர்களும் இறந்தார்கள். உக்ரைனுக்குள் 2022 பிப்ரவரி 24 அன்று நுழைந்த ரஷ்யா அதைச் 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்றது. மார்ச் 4 அன்று வந்த சட்டம், படையைப் பற்றிப் 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்றது.

மங்கலான சொல் எல்லாமே சதி என்றும் முடிவு கட்டவேண்டாம். 1967 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 242ஆம் தீர்மானத்தின் ஆங்கில வடிவம், இஸ்ரேல் கைப்பற்றிய 'பகுதிகளிலிருந்து' வெளியேறவேண்டும் என்கிறது. 'எல்லா' என்றோ 'சில' என்றோ சொல்லவில்லை. தெளிவாக எழுதியிருந்தால் ஒருமித்த ஆதரவு கிடைத்திருக்காது. அந்த மங்கல்தான் தீர்மானத்தைச் சாத்தியமாக்கியது. அதன் பொருள் பற்றிய சண்டையும் அதனால்தான் இன்றுவரை நீள்கிறது.

கே: ஒரு தலைவர் சொன்ன பொய்யை மறுத்து எழுதினால், அந்தப் பொய்தான் இன்னும் பரவுகிறது. எப்படி எழுதுவது?

ப: திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று உண்மைபோல் தோன்றத் தொடங்கும் என்பதை 1977இலேயே ஹாஷர், கோல்ட்ஸ்டைன், டாப்பினோ ஆகிய மூவர் சோதனையில் காட்டிவிட்டார்கள். எதுகை, மோனையோடு சொன்னால் இன்னும் ஒட்டிக்கொள்ளும். அடுக்குமொழியில் ஊறிய நமக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

எனவே தலைப்பில் பொய்யை எழுதி 'உண்மையா?' என்று கேள்விக்குறி போடாதீர்கள். தலைப்பிலும் முதல் வாக்கியத்திலும் உண்மையை எழுதுங்கள், முடிந்தால் எண்ணோடு. அடுத்து, இன்னார் இன்ன தேதியில் இதற்கு மாறாகச் சொன்னார் என்று ஒரே ஒரு முறை, அவருடைய அடுக்குமொழியைத் தவிர்த்து, உங்கள் உரைநடையில் குறிப்பிடுங்கள். பிறகு எந்த இடத்தில் தவறு என்று காட்டுங்கள்: ஆண்டு மாறியதா, கழிவு விடுபட்டதா, பாதி மேற்கோளா. மீண்டும் உண்மையை எழுதி முடியுங்கள். 'இல்லை' என்ற மறுப்போடு நிறுத்திவிட்டால் படிப்பவர் மனதில் அந்த இடம் காலியாகவே இருக்கும். அதில் பழைய பொய்யே வந்து உட்கார்ந்துவிடும். 'அவர் அதைக் கட்டவில்லை' என்று மட்டும் எழுதாமல், கட்டியவர் யார், எந்த ஆண்டில் என்பதையும் எழுதுங்கள்.