கலவையைக் குலுக்கினால் பெரிய துண்டுகள் மேலே வருவது ஏன்? கனமானது கீழேதானே போக வேண்டும்?

ஏதோ ஒரு டப்பாவைத் திறந்தபோது பெரியதெல்லாம் மேலே கிடந்திருக்கும், "ஒழுங்காகக் கலக்கத் தெரியாதா?" என்று யாரையாவது கேட்டிருப்பீர்கள். கேட்டிருந்தால் முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். இதே விஷயத்துக்கு மெமோ வாங்கியவன் நான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிளாஸ்டிக் குருணையையும் வண்ணப் பொடியையும் கலக்கும் பிரிவில் இருந்தேன். கலந்து முடித்த டிரம்மைத் தள்ளுவண்டியில் அடுத்த கட்டடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வழி முழுக்க மேடு பள்ளம். மிக்ஸரிலிருந்து எடுத்த சாம்பிள் சரியாக இருந்தது. அங்கே போய் டிரம்மின் மேலாக ஒரு கை அள்ளினார்கள். பொடியையே காணோம், எல்லாம் குருணை. மேலதிகாரி சொன்ன வைத்தியம், "இன்னும் நல்லா குலுக்கு." குலுக்கினேன், இன்னும் மோசமானது. அடியிலிருந்து எடுத்துக் காட்டினேன், அங்கே பொடிதான் நிறைய. "அப்போ மேலேயும் கலக்கவில்லை, கீழேயும் கலக்கவில்லை" என்றார். மறுநாள் மெமோ.

நடந்தது இதுதான். குலுக்கும்போது துகள்கள் ஒரு கணம் எழும்பி விலகுகின்றன. சின்னது நழுவி இறங்கச் சின்னச் சந்து போதும், அது ஓயாமல் கிடைக்கும். பெரியது இறங்க வேண்டுமென்றால் அதன் கீழே இருக்கும் அத்தனை பொடியும் ஒரே நேரத்தில் வழிவிட வேண்டும். அது அபூர்வம். ஒவ்வொரு குலுக்கலிலும் பெரியதின் அடியில் கொஞ்சம் பொடி புகுந்துகொள்ளும், பெரியது இருந்த இடத்துக்குத் திரும்ப முடியாது. அது தானாக ஏறுவதில்லை, அடியில் முட்டுக் கொடுத்துத் தூக்கிவிடுகிறார்கள்!

இன்னொரு காரணமும் உண்டு. 1993இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நைட், யேகர், நேகல் என்ற மூன்று ஆய்வாளர்கள் காட்டியது. உருளையான பாத்திரத்தைக் குலுக்கினால் நடுவில் எல்லாமே மேலேறி, சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில் இறங்குகின்றன. நடுவில் ஏறிவிட்ட பெரிய துண்டுக்கு அந்த ஒல்லியான இறக்கத்தில் இடமில்லை, அதனால் மேலேயே தங்கிவிடுகிறது. மேலே விரிந்த கூம்பு வடிவப் பாத்திரத்தில் இந்தச் சுழற்சி தலைகீழாகி, பெரியது அடிக்குப் போகும்.

"அப்படியானால் எடைக்கு வேலையே இல்லையா?" என்று சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். நான் அப்படிச் சொல்லவே இல்லை. அடர்த்தி, குலுக்கும் வேகம், துகள்களுக்கு நடுவில் இருக்கும் காற்று எல்லாமே கணக்கில் வரும். சில நிலைகளில் பெரியது மூழ்கவும் செய்யும். வடிவமும் முக்கியம். பெரியது மேலே வரும் இந்த விளைவுக்கே, பெரிதாக நீளமாக இருக்கும் பிரேசில் கொட்டையின் பெயர்தான். 2021இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அந்தக் கொட்டைகளை வேர்க்கடலையோடு சேர்த்துக் குலுக்கி எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். படுத்துக் கிடக்கும் கொட்டை கொஞ்சம் நிமிர்ந்த பிறகுதான் ஏறுகிறது. முதல் கொட்டை மேற்பகுதிக்கு வரவே 70 குலுக்கல் ஆனதாம்.

இதில் எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சல். மெமோவுக்கு விளக்கத்தைக் கையால் மூன்று படி எழுதச் சொன்னார்கள். நகல் எடுக்கும் மெஷின் பக்கத்திலேயே சும்மா கிடந்தது. படமெல்லாம் போட்டு எழுதினேன், மூன்று தடவையும். "கதை எழுதாதே" என்று திரும்பி வந்தது.

சரி, உங்களுக்கு உதவுகிற விஷயம். துகள்களின் அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் பிரிவது குறையும். லேசான ஈரமோ பிசுபிசுப்போ இருந்தால் பொடி பெரியதில் ஒட்டிக்கொள்ளும். எதுவும் முடியாவிட்டால் பயன்படுத்தும் இடத்திலேயே கலந்துகொள்ளுங்கள், கலந்த பிறகு தூக்கிக்கொண்டு அலையாதீர்கள்.

அந்தத் தரையை அப்புறம் ஒரு வழியாகச் சமன் செய்தார்கள், ஆய்வுக்கு வந்த ஒருவர் தடுக்கி விழுந்ததற்காக. என் மெமோவை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை.