ஜப்பான் மெஷினும் நம்மூர் 400 வோல்ட்டும்

கேள்வி: நிலாவெளியில் சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று பேஸ் கரண்ட் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சீவுளி மெஷின் ஒன்றுக்கு விலை பேசியிருக்கிறேன். தகட்டில் 200 வோல்ட், மூன்று பேஸ், 3.7 கிலோவாட் என்று இருக்கிறது. "இங்கே 230 தானே வருகிறது, 30 வோல்ட் கூடினால் ஒன்றும் ஆகாது, நேரே கொடுங்கள்" என்கிறார் விற்பவர். எர்த் கம்பி அடிக்கத் தேவையில்லை, நியூட்ரலையே மெஷின் உடம்பில் கட்டலாம் என்கிறார் வயரிங் செய்பவர். நம்பலாமா?

பதில்: இரண்டு பேரையும் நம்ப வேண்டாம்.

விற்பவர் சொல்லும் 230, ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் உள்ளது. உங்கள் மோட்டருக்கு நியூட்ரலே போகாது. அது பேஸுக்கும் பேஸுக்கும் இடையில் ஓடுவது. தகட்டிலுள்ள 200-உம் அந்தக் கணக்குத்தான். ரோட்டோரத்து டிரான்ஸ்போமரில் நமக்குக் கரண்ட் தரும் மூன்று சுருள்களும் ஸ்டார் வடிவில் ஒரு புள்ளியில் கூடுகின்றன. அந்தப் புள்ளிதான் நியூட்ரல். அங்கிருந்து அளந்தால் ஒவ்வொரு பேஸும் 230. ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை, 120 பாகை தள்ளித் தள்ளி வருகின்றன. அதனால் இரண்டு பேஸுக்கு நடுவில் 460 வராது, 230-ஐ 1.732-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 398 வரும், அதாவது நாம் சொல்லும் 400. உங்கள் மோட்டருக்கு அது இரு மடங்கு. சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகுகிற மணம் வந்துவிடும்.

"ஸ்டாரில் மாற்றிக் கட்டலாம்" என்று அடுத்துச் சொல்வார். காசு கொடுக்குமுன் மோட்டரின் வயர்ப்பெட்டி மூடியைக் கழற்றிப் பாருங்கள். மூன்றே முனை என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆறு முனை இருந்து டெல்டாவில் (மூன்று சுருளும் முக்கோணமாகச் சேர்ந்த இணைப்பு) 200 என்றால், ஸ்டாரில் அது தாங்குவது 346 தான். 400 கொடுத்தால் அதுவும் சூடேறும். தகட்டிலேயே 400 என்றும் போட்டிருந்தால் கவலையில்லை.

இல்லாவிட்டால் 400-ஐ 200 ஆக்கும் மூன்று பேஸ் டிரான்ஸ்போமர் வேண்டும். ஓடும்போது ஐந்தாறு கேவிஏ (டிரான்ஸ்போமர் தாங்கும் லோட்டின் அளவு) போதும், ஆனால் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும். 10 கேவிஏக்குக் குறைத்து வாங்காதீர்கள். 400 பக்கச் சுருளும் 200 பக்கச் சுருளும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக உள்ள வகை என்றால், 200 பக்கத்து ஸ்டார் புள்ளியை எர்த் பண்ணி, அந்தப் பக்கத்துக்குத் தனி ட்ரிப் சுவிட்சும் (கரண்ட் எர்த்துக்கு ஒழுகினால் விழுகிற சுவிட்ச்) போட வேண்டும். மெயின் போர்டில் இருக்கிற ட்ரிப் சுவிட்சுக்கு அந்தப் பக்கத்து ஒழுக்கு தெரியாது. என்னைக் கேட்டால், முதலில் மோட்டரை 400-க்கு வைண்டிங் மாற்ற எவ்வளவு என்று விசாரியுங்கள். சீவுளியில் மோட்டரும் ஸ்டார்ட்டரும் தவிர வேறென்ன இருக்கிறது? ஸ்டார்ட்டர் கொயிலையும் மாற்றச் சொல்ல மறக்க வேண்டாம்.

அப்புறம் எர்த். நியூட்ரல் டிரான்ஸ்போமரடியில் மண்ணோடு சேர்ந்திருப்பது உண்மைதான். ஆனால் அது கரண்ட் திரும்பிப் போகிற வயர். உப்புக் காற்று அரித்து அது தூணில் விட்டுப்போனால், நியூட்ரலோடு கட்டிய மெஷின் உடம்பில் கரண்ட் நிற்கும், நீங்கள் கை வைக்கும் இடத்தில். எர்த் கம்பி கட்டாயம். வைகாசி, ஆனியில் நிலாவெளி மணல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. ஈரம் எட்டும்வரை கம்பியை இறக்குங்கள். அப்படியும் 20 ஓம் தடை நின்றால், கோளாறு வரும்போது 230-க்குப் பாய்வது அதிகபட்சம் 11.5 அம்பியர். 32 அம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் உடனே விழும்.

கேள்வி: ஒரு அறையில் பல்ப் மங்குகிறது, அடுத்த அறையில் கண் கூசுகிறது. மூன்று பேஸ் வீடு. ஸ்டெபிலைசர் வாங்கலாமா? (பாலையூற்று வாசகர்)

பதில்: வேண்டாம். நியூட்ரல் எங்கோ விடுபட்டிருக்கிறது. லோட் குறைந்த பேஸில் வோல்டேஜ் 400-ஐ நோக்கி ஏறும். மெயினை அணைத்துவிட்டு மின்சார சபைக்குச் சொல்லுங்கள்; பிரிட்ஜ், டிவி பிளக்கை இப்போதே கழற்றுங்கள்.