ஜல்லி ரோட்டில் ஓடும் போலேரோவுக்கு அகலம் குறைந்த டயர் போடலாமா?

கேட்டவர் கூடலூர் பக்கம். போலேரோவில் 235/75 R15 டயர் (235 மில்லிமீட்டர் அகலம், பக்கவாட்டு உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம்) போட்டிருக்கிறார், அது தேய்ந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் 4 கிலோமீட்டரும் ஜல்லி ரோடு. திரும்ப கம்பெனி அளவான 215-க்கு இறங்கினால் பிடிப்பு குறையுமா என்பதுதான் அவருடைய பயம்.

குறையாது. ஜல்லியில் கூடத்தான் செய்யும். அகல டயர் போடும் இதே தப்பை நானும் பணம் கொடுத்துச் செய்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

எனக்குக் கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து தோட்டம் வரை செம்மண்ணில் ஜல்லி கொட்டிய பாதை. போலேரோவோடு வந்தது 215/75 R15. அது தேய்ந்ததும் மச்சான் பேச்சைக் கேட்டு 235 போட்டேன். வண்டி கம்பீரமாக இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஐப்பசி மழையில், வழக்கமாக ஏறுகிற மேட்டில் பின்சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. நான் பாதியில் நிற்க, பக்கத்துத் தோட்டத்துப் பழைய ஜீப், அந்தக் காலத்து ஒல்லி டயரோடு, ஓரமாக ஏறிப் போய்விட்டது. இறங்கித் தடத்தைப் பார்த்தேன். அதன் தடம் ஜல்லியை விலக்கிக்கொண்டு அடியில் இருந்த கெட்டி மண் வரைக்கும் இறங்கியிருந்தது. என்னுடைய தடத்தில் கல் மட்டும் புரண்டு கிடந்தது.

காரணம் எளிது. டயர் தரையில் படும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வண்டியின் எடையும் உள்ளே இருக்கும் காற்றும்தான். ஒரே காற்றழுத்தத்தில் அகல டயருக்கும் ஒல்லி டயருக்கும் பரப்பில் பெரிய வித்தியாசம் வராது, வடிவம்தான் மாறும். அகலமானதில் தடம் குட்டையாகவும் அகலமாகவும் விழும். ஒல்லியானதில் நீளமாக விழும். முன்னால் கிடக்கும் உதிரிக் கல்லை அகல டயர் அதிகமாகத் தள்ள வேண்டும், பல நேரம் அதன் மேலேயே ஏறி மிதக்கும். ஒல்லியானது கல்லை ஒதுக்கிவிட்டு அடித்தளத்தைப் பிடிக்கும். உலக ராலி பந்தயக் கார்களையே பாருங்கள்: தார் ரோட்டுக்கு 235 மில்லிமீட்டர், கல் ரோட்டுக்கு 205.

மணலிலும் அடி தெரியாத சேற்றிலும் கதை வேறு. அங்கே மிதப்பதுதான் நல்லது. நம் மலையில் ஜல்லிக்கு அடியில் பெரும்பாலும் கெட்டித்தரை இருக்கும், அதனால் அந்தக் கவலை இல்லை.

இழப்பும் உண்டு. 235/75-ன் மொத்த உயரம் சுமார் 733 மில்லிமீட்டர், 215/75-க்கு 703. ஆக வண்டி 15 மில்லிமீட்டர் தாழும். நடுவில் கல் துருத்திக்கொண்டிருக்கும் பாதை என்றால் இதை யோசித்துக்கொள்ளுங்கள். மறுபக்கம், ஸ்பீடாமீட்டர் சரியாகும். உயர டயரில் மீட்டர் 60 காட்டும்போது கணக்குப்படி ஓடுவது 62, 63. கிலோமீட்டரும் குறைத்துத்தான் எண்ணும். மைலேஜ் போச்சு என்று நான் புலம்பியதில் பாதி மீட்டரின் வேலை என்று பிறகுதான் புரிந்தது. காய்ந்த தார் ரோட்டில் அகல டயர் கொஞ்சம் நன்றாக நிற்கும், சரிதான். ஆனால் கொண்டை ஊசி வளைவில் 20-ல் போகிறவனுக்கு அது பெரிய விஷயமில்லை. ஸ்டீயரிங் முழுக்க ஒடித்தால் உரசும் சத்தம் நின்றது எனக்குப் பெரிய நிம்மதி.

வாங்கும்போது அகலத்தை மட்டும் பார்க்காதீர்கள். அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாரக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். கம்பெனி சொன்ன எண்ணுக்குக் கீழே இறங்க வேண்டாம். பக்கவாட்டில் தயாரித்த தேதி நாலு இலக்கத்தில் இருக்கும்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். எனக்கு ஒரு கடையில் மூன்று வருஷப் பழைய சரக்கைப் 'புதுசு' என்று எடுத்துப் போட்டார்கள், எண்ணைக் காட்டியதும் உள்ளே போய் வேறு எடுத்து வந்தார்கள். ஜல்லிக்கு ஏ.டி. (ஆல் டெரெய்ன், தாருக்கும் கரடுமுரடுக்கும் பொதுவான) வகை டயர் போதும். சேற்று டயர் தார் ரோட்டில் சத்தம் போட்டே உயிரை எடுக்கும்.

காற்று: ஜல்லியில் வெறும் வண்டியாகப் போகும்போது நான் 30 பி.எஸ்.ஐ.-யிலிருந்து 25-க்கு இறக்குவேன், பிடிப்பு நன்றாகவே தெரியும். ஆனால் ஆளும் உர மூட்டையும் ஏற்றினாலோ மேட்டுப்பாளையம் இறங்கினாலோ முன்னாடியே ஏற்றிவிடுவேன். காற்று குறைந்த டயர் பாரத்தோடு ஓடினால் சூடாகும்.

அப்புறம் ஸ்டெப்னி. பழைய 235-ல் நல்லது ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று நானும் நினைத்தேன். பின்னால் ஒரு பக்கம் 235, மறுபக்கம் 215 என்று ஓட்டினால் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும், வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலுக்கு நேர் ரோட்டிலும் ஓய்வே இருக்காது. 4 வீல் டிரைவ் வண்டியில் முன்னும் பின்னும் அளவு மாறினால் இன்னும் மோசம். ஐந்தாகவே வாங்கிவிடுங்கள்.