முப்பரிமாணத் திரைக்காக வைப்புநிதியை உடைக்கலாமா?

கேள்வி: நான் குடியாத்தத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். 3டி படம் வந்தால் குடும்பத்தில் நால்வரும் வேலூருக்குப் போய்ப் பார்ப்போம்; பேருந்து, டிக்கெட், தின்பண்டம் எல்லாம் சேர்த்து ஒருமுறைக்கு ரூ.1,500 ஆகிறது. மாடியறையிலேயே 3டி ப்ரொஜெக்டர், திரை, நான்கு கண்ணாடிகள் அமைத்துத் தர ரூ.85,000 கேட்கிறார்கள். 6.5 சதவீத வட்டியில் உள்ள வைப்புநிதியை உடைத்து வாங்கலாமா, அல்லது வட்டியில்லாத் தவணையில் எடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து.

2009 டிசம்பரில் 'அவதார்' வெளியாகித் திரையரங்குகளை நிறைத்ததும், அதே ஆர்வம் வீட்டுக்குள்ளும் வரும் என்று நம்பி, 2010இல் பெரிய நிறுவனங்கள் 3டி டிவிகளை இறக்கின. அமெரிக்காவில் இஎஸ்பிஎன் அந்த ஆண்டு தொடங்கிய 3டி அலைவரிசை 2013இல் மூடப்பட்டது. சாம்சங் 2016இல் விலகியது. எல்ஜியும் சோனியும் 2017இல் விலகின. மக்களுக்கு 3டி கசந்துவிடவில்லை. 2022இல் 'அவதார்' இரண்டாம் பாகத்துக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்த கூட்டத்தைப் பார்த்தோமே. திரையரங்கில் இருளில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறோம். வீட்டில் ஒருவர் பாயில் ஒருக்களித்துப் படுப்பார், ஒருவர் கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பார். தலை சாய்ந்தால் இரு கண்களுக்கும் உரிய படங்கள் இணையாமல் ஆழம் கலைந்துவிடும். சத்துவாச்சாரியில் என் மைத்துனர் அன்று ஆசையாக வாங்கிய 3டி டிவி இன்று சாதாரண டிவியாகத்தான் ஓடுகிறது. அதன் பேட்டரிக் கண்ணாடிகள் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில், பாபின்களுக்கு நடுவே கிடக்கின்றன.

இனி கணக்கு. ரூ.85,000க்கு உங்கள் வைப்பில் ஆண்டுக்கு ரூ.5,525 வட்டி வருகிறது. முதலைத் தொடாமலே ஆண்டுக்கு மூன்று முறை வேலூர் போய்வர ரூ.4,500தான் ஆகும், ரூ.1,025 மிச்சம். உங்களைப் போன்ற குடும்பம் ஆண்டில் அதற்கு மேல் 3டி படம் பார்க்குமா என்பது ஐயமே. வைப்பை முன்கூட்டி முறித்தால் வங்கிகள் பொதுவாக வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைக்கும். வட்டியில்லாத் தவணையிலும் வட்டி உண்டு. கடைக்காரர் அதை விலையில் கழித்துக் கொடுப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கிரெடிட் கார்டில் எடுத்தால், அந்த வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும்.

மாடியறை என்கிறீர்கள். ப்ரொஜெக்டருக்கு அறை இருட்டாக வேண்டும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் ஜன்னலைச் சாத்தினால் ஏசி இல்லாமல் அரைமணி நேரம்கூட உட்கார முடியாது. ஏசி ஓடி, இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே உயர்ந்துவிடும். படத்துக்கு எங்கே போவது என்பதும் கேள்விதான்: நாம் சந்தா கட்டும் ஓடிடி தளங்களில் வீட்டுத் திரைக்கு வருவது பெரும்பாலும் சாதாரணப் பதிப்பே, 3டிக்குத் தனி ப்ளூரே வட்டும் பிளேயரும் தேவை, அவை அந்த ரூ.85,000இல் சேர்ந்தவையா என்று கேளுங்கள்.

பெரிய திரைதான் ஆசை என்றால் சாதாரண டிவி போதும். 32 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துள்ளது. அப்படியும் மனம் 3டியிலேயே நின்றால், முன்பணம் கொடுக்கும் முன் கடையில் ஒரு முழுப் படத்தை ஓடவிடச் சொல்லி, வீட்டில் மூக்குக்கண்ணாடி அணிபவரை, அதன் மேலேயே 3டி கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு இடைவேளை வரையாவது உட்காரச் சொல்லிப் பாருங்கள்.