கும்பல் அடிதடி வழக்கு: வாசகர் கேள்விகள்

கோத்தகிரி வாசகர்: சண்டைக்குப் போனது நாலு பேர்தான். சட்டவிரோதக் கும்பல் என்று வழக்குப் போட்டிருக்கிறார்களே?

ஐந்து பேர் இல்லாமல் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, இப்போதைய குற்றச் சட்டம்) பிரிவு 189 நிற்காது. எஃப்.ஐ.ஆரில் ‘மற்றும் சிலர்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கணக்கு மாறும். தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். பொது எண்ணம், அதாவது அதே சட்டத்தின் 3(5), இரண்டு பேருக்கே போதும்.

பந்தலூர் வாசகி: லைன் வீட்டுச் சண்டையில் அக்கா கை நீட்டவில்லை. ‘அடிடா’ என்று கத்தினாள், அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’தான் வழக்கே. சத்தம் கேட்டு வெளியே வந்து நின்றவர் வேறு, தூண்டிவிட்டவர் வேறு. கும்பலில் சேர்ந்தவர் அடிக்காவிட்டாலும் பி.என்.எஸ். 190 பிடிக்கும்.

குன்னூர் வாசகர்: பெண் என்றால் தண்டனை குறையுமா?

அடிதடிப் பிரிவுகளில் ஆண், பெண் பேதமில்லை. ஜாமீனில்தான் சலுகை (குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 480). நாட்டின் சிறைகளில் நூற்றுக்கு நாலு பேர்தான் பெண்கள் என்றால், கைதாகிறவர்களே குறைவு.

கூடலூர் வாசகர்: அடித்தது 2 பேர். அந்த வீட்டுப் பெண்கள் உட்பட 11 பேரையும் சேர்த்தால் வழக்கு வலுக்குமா?

வலுக்காது, முறியும். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது: பெயர்களை அள்ளிப் போடாதீர்கள். அடிபட்டவர் முதலில் போவது ஆஸ்பத்திரிக்கு. அங்கே காயத்தோடு வருவோரைப் பதியும் ஏ.ஆர். பதிவேட்டில் ‘தெரிந்த 2 பேர் கட்டையால் அடித்ததாக’ என்று டாக்டர் எழுதிவிடுவார். மறுநாள் புகாரில் 11 பேர். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு தாள் போதும். நடுவில் போன ராத்திரி, கூடிப் பேசிக் கதை கட்டிய நேரமாகிவிடும். பெரிய கும்பல் வழக்கில் இரண்டு மூன்று சாட்சிகளாவது ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1964 மசால்டி தீர்ப்பு காட்டிய எச்சரிக்கை. வராத மாமியாரைச் சேர்த்தால் சாட்சி அங்கேதான் தடுமாறுவார். நிஜமாக அடித்தவனும் சந்தேகத்தின் பலனில் வெளியே போவான். எழுத வேண்டியது: யார், கையில் என்ன, உடம்பில் எங்கே, எத்தனை அடி. மாலை ஆறரைக்கு மேல் என்றால் மூடுபனியில் முகம் எப்படித் தெரிந்தது, எந்த விளக்கு, எவ்வளவு தூரம் என்பதும். அந்த விளக்குக் கம்பம் போலீஸ் வரைபடத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெயர்களை அள்ளிப் போடாதீர்கள்.

கொடைக்கானல் வாசகர்: ராத்திரியில் பெண்ணைக் கைது செய்யலாமா?

சூரியன் மறைந்தபின், உதிக்கும்வரை கூடாது. அசாதாரணச் சூழல் என்றால் பெண் அதிகாரி, நீதித்துறை நடுவரின் முன் அனுமதியோடு.

ஊட்டி வாசகர்: தம்பியும் கும்பலில் இருந்தான், 17 வயது. என்ன ஆகும்? புகாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

எந்த நிலையம், யார் புகார், எதுவும் எழுதவில்லை. தம்பி போவது இளைஞர் நீதிக் குழுமத்துக்கு. பள்ளிச் சான்றிதழை எடுத்து வையுங்கள். புகாரை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். மறுத்தால் எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.